உதவிக்கு நின்ற கப்பல்கள்: யூ-9 நீர்மூழ்கியின் கடற்பணி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி இருக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே விளக்கில்லாமல் வந்து நின்ற எம்டன் என்ற ஜெர்மன் கப்பல், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த சில நாட்களில் ஊரில் பலர் மூட்டை கட்டினார்கள். உயர் நீதிமன்ற மதிலில் அந்த இரவை நினைவூட்டும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பேச்சுத் தமிழில் பதிந்த கல்வெட்டு அதைவிட உறுதியானது. பிடிகொடுக்காத சாமர்த்தியசாலியைப் பார்த்து ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் பழக்கம், கப்பல் அழிந்து நூறாண்டு கடந்த பிறகும் வீடுகளில் புழங்குகிறது.

அதே நாள் காலை, ஹாலந்துக் கரைக்கு அப்பால் வடகடலில் இன்னொரு ஜெர்மன் கலம் தன் வேலையை முடித்திருந்தது. அது ஓர் ஆளுயரக் கோபுரம் வைத்த இரும்புக் குழாய் போன்ற படகு. ஏறத்தாழ முப்பது பேர், ஆறு டார்பிடோக்கள், மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பிரிட்டிஷ் குரூசர் கப்பல்கள் கடலுக்குள் போயின. இறந்தவர்கள் 1,459 பேர். படகின் பெயர் யூ-9.

பின்னாளில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லெம், தனி ஆளுக்குத் தரும் இரும்புச் சிலுவை விருதைக் கப்பலுக்கே வழங்கினார். அந்தப் போரில் அந்தப் பெருமை இரண்டே கலங்களுக்குக் கிடைத்தது. ஒன்று எம்டன், மற்றது யூ-9. ஒரே நாளில் இரு கடல்களில் பேர் வாங்கிய இந்த ஜோடியில் ஒன்று நம் அகராதிக்குள் வந்துவிட்டது. மற்றது யார் என்பதுதான் இந்தச் சொற்பொழிவின் பொருள்.

யாரும் கேட்காத குழந்தை

நீர்மூழ்கி என்றாலே ஜெர்மனி நினைவுக்கு வருவது பின்னால் வந்த பழக்கம். தொடக்கத்தில் ஜெர்மன் கடற்படைக்கு அதில் அக்கறை இல்லை. 1850இல் வில்லெம் பவர் என்ற பவேரியப் படைவீரர் கீல் நகரில் ‘பிராண்டாவுக்கர்’ என்ற படகைக் கட்டினார். உள்ளே இருந்தவர்கள் பெரிய சக்கரத்தைக் காலால் மிதித்துத்தான் அதை ஓட்ட வேண்டும். 1851 பிப்ரவரி 1ஆம் தேதி சோதனை ஓட்டத்தில் அது துறைமுகத்தின் அடியிலேயே போய் உட்கார்ந்தது. உள்ளே இருந்த மூவரும் பதறி மூடியைத் திறக்க முயலாமல், தண்ணீரை உள்ளே விட்டு அழுத்தம் சமமாகும்வரை காத்திருந்து, பிறகு மூடியைத் தள்ளி மேலே வந்து பிழைத்தார்கள். படகு 1887இல்தான் மீட்கப்பட்டது. இன்று டிரெஸ்டன் நகரின் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன்பின் அரை நூற்றாண்டுக்குப் பெரிய அசைவில்லை. கடற்படை அமைச்சர் டிர்பிட்ஸுக்கு வேண்டியிருந்தவை பிரிட்டனுக்கு ஈடான பெரும் போர்க்கப்பல்கள். கரையை விட்டு விலகிப் போக முடியாத சோதனைப் படகுகளில் பணத்தைக் கொட்ட அவர் தயாராக இல்லை. கதவைத் தட்டியது வெளிநாட்டு வாடிக்கையாளர். ஜப்பானோடு போரில் இருந்த ரஷ்யா, 1904இல் கீல் நகரின் ஜெர்மானியா கட்டுந்துறையிடம் மூன்று படகுகள் கேட்டது. அவற்றை வடிவமைத்தவர் டெக்விலே என்ற ஸ்பானியப் பொறியாளர், பிரான்சில் தொழில் கற்றவர். அந்த வடிவத்தைத் திருத்தித்தான் ஜெர்மனி தனக்கென முதல் படகைக் கட்டிக்கொண்டது. 42 மீட்டர் நீளமும் ஒரே ஒரு டார்பிடோக் குழாயும் கொண்ட யூ-1, 1906 டிசம்பரில் பணியில் சேர்ந்தது.

மேலே ஓடும்போது எரிபொருளில் ஓடுவது, அடியில் போகும்போது பேட்டரியில் ஓடுவது என்பது அக்காலத்து எல்லா நீர்மூழ்கிக்கும் பொது. எந்த எரிபொருள் என்பதில்தான் சிக்கல். பிரிட்டிஷ் படகுகள் பெட்ரோலில் ஓடின. மூடிய இரும்புப் பெட்டிக்குள் பெட்ரோல் ஆவி தேங்கினால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அப்படி வெடித்தும் இருக்கிறது. டீசல் இன்ஜின் இன்னும் பக்குவப்படவில்லை. எனவே கோர்ட்டிங் நிறுவனத்தின் மண்ணெண்ணெய் இன்ஜினை ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெடி அபாயம் குறைந்தது, ஆனால் வேறு வினை வந்தது. இன்ஜின் கக்கும் வெள்ளைப் புகையை வெளியேற்ற மேல்தளத்தில் புகைக்குழாய் வைத்தே தீர வேண்டும். பகலில் அந்தப் புகை தொடுவானம்வரை தெரியும். இரவில் குழாய் வாயில் தீப்பொறி பறக்கும், சத்தமோ காதைப் பிளக்கும். மறைந்திருப்பதே தொழிலாகக் கொண்ட படகு, நெல் அவிக்கும் ஆலைபோலப் புகைவிட்டுக்கொண்டு போனது.

இந்த வம்சத்தில் பிறந்ததுதான் யூ-9. டான்சிக் நகரின் அரசுக் கட்டுந்துறையில் 1908இல் பணி ஆணை தரப்பட்டு, 1910 பிப்ரவரி 22இல் நீரில் இறக்கப்பட்டு, ஏப்ரல் 18இல் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 57 மீட்டர், அகலம் 6 மீட்டர். நீர்மேல் எடை 493 டன், மூழ்கினால் 611 டன். மேலே மணிக்கு 14 கடல் மைல் வேகம், அடியில் 8. அடியில் மெதுவாகப் போனால் ஏறத்தாழ 80 கடல் மைல், அதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அணியத்தில் (முன்பகுதியில்) இரண்டு, பின்னணியத்தில் இரண்டு என நான்கு டார்பிடோக் குழாய்கள், மொத்தம் ஆறு டார்பிடோக்கள்.

முகத்தில் சொட்டும் தூக்கம்

யூ-9இன் முதல் காவல் அதிகாரி யோஹான்னெஸ் ஸ்பீஸ். போருக்குப் பின் தன் நீர்மூழ்கி வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். படகின் உட்புறம் இன்று நமக்குத் தெரிகிறதென்றால் பெருமளவு அவர் புண்ணியம்.

வெளியே கடல் குளிர், உள்ளே மனித மூச்சின் வெப்பம். இரும்புச் சுவரில் ஈரம் வியர்த்து, முத்து முத்தாகச் சேர்ந்து, படகு ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தூங்குகிறவர் முகத்தில் சொட்டும். மழைக்கோட்டையோ ரப்பர் துணியையோ முகத்தில் போர்த்திக்கொண்டுதான் தூங்க வேண்டும். ஸ்பீஸின் படுக்கை மல்லாந்து படுக்க முடியாத அளவுக்குக் குறுகல். ஒருபக்கம் தடுப்புச் சுவர், மறுபக்கம் துணி அலமாரி, நடுவில் ஒருக்களித்துச் செருகிக்கொள்வதுதான் படுக்கை. எழுந்தால் மூக்கில் எண்ணெய்ப் பிசுக்கும் தலையில் பாரமும்.

படுக்கைகளுக்குக் கீழேதான் அமிலம் நிறைந்த பேட்டரிகள். சார்ஜ் ஏறும்போது அவை விடும் வாயு வெளியேறாமல் தேங்கினால் வெடிக்கும். கடல்நீர் உள்ளே புகுந்து அமிலத்தில் கலந்தால் குளோரின் கிளம்பும். அந்த அறையில் மூச்சுக்கு வழி இல்லை. சமையலுக்கு மின் அடுப்பு வைத்திருந்தார்கள், அது சரியாக வேலை செய்யவில்லை. நார்வே மீனவர்கள் படகில் வைத்திருக்கும் சின்ன மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றை மேல்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சமைத்தார்கள். பலத்த காற்றிலும் அணையாது என்பது அதன் சிறப்பு. இன்ஜினுக்கு எதுவோ அதுவே சோற்றுக்கும்.

இந்தப் பெட்டிக்கு 1911 முதல் தலைவராக இருந்தவர் ஓட்டோ வெடிகன். வெஸ்ட்பாலியாவின் ஹெர்ஃபோர்ட் ஊரில் பிறந்தவர். சத்தமில்லாத மனிதர், ஆனால் பயிற்சியில் விடாப்பிடி. டார்பிடோ ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் டன். அது குழாயை விட்டுப் பாய்ந்த நொடியில் படகின் சமநிலை குலையும், அணியம் மேலே தூக்கும். கோபுரம் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் எதிரியின் பீரங்கிக்கு எளிய இலக்காகிவிடும். அதற்கு வெடிகன் படகில் பழகிய மருந்து எளிமையானது. கட்டளை வந்ததும் வேலையில்லாத ஆட்கள் எல்லோரும் முன்னாலோ பின்னாலோ ஓட வேண்டும். துலாக்கோலின் படிக்கல் மனிதர்களே.

1914 ஜூலை 16ஆம் தேதி, போர் மூள மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், யூ-9 ஆட்கள் ஒரு புதுவித்தையைச் செய்து காட்டினார்கள். காலியான டார்பிடோக் குழாயில், படகு மூழ்கியிருக்கும்போதே, அடுத்த டார்பிடோவை ஏற்றினார்கள். அதுவரை எந்த நாட்டு நீர்மூழ்கியும் அதைச் செய்ததில்லை. குழாயில் இருப்பதைச் சுட்டால் மேலே வந்துதான் மறுபடி நிரப்ப வேண்டும் என்பதே நடைமுறை. நெருக்கமான இரும்பு அறையில், ஆடும் தரையில், முக்கால் டன் எடையைச் சங்கிலியில் தூக்கி ஒரு விரல் பிசகாமல் துளைக்குள் தள்ளும் வேலை அது. அமைதிக் காலத்துப் பயிற்சிப் பதிவில் ஒரு வரி. அடுத்த செப்டம்பரில் அந்த ஒரு வரிக்கு எவ்வளவு விலை என்று தெரிந்தது.

தடுமாறிய தொடக்கம்

போர் தொடங்கியபோது ஜெர்மனியிடம் யூ-1 முதல் யூ-28 வரை எண்ணிட்ட படகுகள் இருந்தன. எல்லாமே கடலுக்குப் போகும் நிலையில் இல்லை. ஆகஸ்ட் 6ஆம் தேதி பத்துப் படகுகள் ஹெலிகோலாந்து தீவிலிருந்து வடக்கே பிரிட்டிஷ் கடற்படையைத் தேடிப் புறப்பட்டன. அந்தப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் முதல் போர்ப் பயணம் அதுதான். பலன் சூன்யம். யூ-15 படகை பர்மிங்காம் என்ற பிரிட்டிஷ் கப்பல் மோதி இரண்டாக வெட்டியது. யூ-13 திரும்பவே இல்லை. யூ-9? இன்ஜின் கோளாறு என்று பாதி வழியில் திரும்பி வந்தது. மண்ணெண்ணெய் இன்ஜின் தன் குணத்தைக் காட்டியிருந்தது.

ஆனாலும் செப்டம்பர் 5ஆம் தேதி ஸ்காட்லாந்துக் கரையில் யூ-21 படகு பாத்ஃபைண்டர் கப்பலை ஒரே டார்பிடோவில் மூழ்கடித்தது. எட்டே நாளில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி இ-9, ஹேலா என்ற ஜெர்மன் கப்பலை மூழ்கடித்துப் பதில் சொன்னது. அப்போதும் இரு தரப்பிலும் பலர் இதை அதிர்ஷ்டக் கணக்கில்தான் எழுதினார்கள்.

தூண்டில் இரை

ஹாலந்துக் கரைக்கு அப்பால் ‘பிராட் ஃபோர்ட்டீன்ஸ்’ என்றொரு கடற்பகுதி உண்டு. ஆழம் பெரும்பாலும் பதினான்கு பாகம் இருப்பதால் அந்தப் பெயர். அங்கே அபூக்கிர், ஹோக், கிரெஸி என்ற மூன்று பிரிட்டிஷ் குரூசர்கள் ரோந்து சுற்றின. ஒவ்வொன்றும் 12,000 டன், ஆனால் பதினைந்து ஆண்டுப் பழசு. மாலுமிகளில் பெரும்பாலோர் ஓய்விலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட குடும்பஸ்தர்கள். கூடவே டார்ட்மத் கடற்படைக் கல்லூரியிலிருந்து நேராகக் கப்பலேற்றப்பட்ட, மீசை முளைக்காத பையன்கள்.

இந்தக் கப்பல்கள் ஆபத்தில் இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. மற்ற கப்பல்களின் ஆட்கள் இவற்றை ‘உயிர் இரைப் படை’ என்று கேலி பேசினார்கள். நீர்மூழ்கிப் பிரிவின் தலைவர் ரோஜர் கீஸ் எச்சரித்தார். கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் செப்டம்பர் 18ஆம் தேதி, இவற்றால் கிடைக்கும் பயன் இவற்றுக்குள்ள ஆபத்துக்கு ஈடாகாது, விலக்கிக்கொள்ளலாம் என்று குறிப்பெழுதினார். குறிப்பு கோப்பில் இருந்தது, கப்பல்கள் கடலில் இருந்தன. புயல் காரணமாகக் காவலுக்கு வரும் டெஸ்ட்ராயர் கப்பல்கள் துறைமுகம் திரும்பியிருந்தன. படைத்தலைவரின் கப்பல் நிலக்கரி ஏற்றப் போய்விட்டது. நீர்மூழ்கி இருக்கும் கடலில் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்ற விதியும் இந்தப் பழைய கப்பல்களில் பின்பற்றப்படவில்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று இரண்டு மைல் இடைவெளியில், மணிக்குப் பத்து மைல் வேகத்தில், கோடு போட்டதுபோல நேராகப் போய்க்கொண்டிருந்தன.

யூ-9இன் நிலைமையும் பிரமாதமாக இல்லை. பெல்ஜியக் கரைக்குப் படை ஏற்றிவரும் கப்பல்களைத் தாக்குவதற்காகத்தான் அது புறப்பட்டது. வழியில் சுழல்திசைகாட்டி கெட்டது. திசை தவறி ஹாலந்துக் கரைக்கு வந்து சேர்ந்தது. புயல் ஓயட்டும் என்று 21ஆம் தேதி இரவைக் கடலுக்கடியில் கழித்தது. காலையில் மேலே வந்தபோது காற்று அடங்கி, வானம் வெளுத்திருந்தது. பேட்டரியை நிரப்ப இன்ஜினை முடுக்கிய சற்று நேரத்தில் தொடுவானத்தில் பாய்மரமும் புகையும் தெரிந்தன. தன் புகை அவர்கள் கண்ணில் படுவதற்குள் இன்ஜினை நிறுத்திப் படகு மூழ்கியது.

காலை 6.20 அளவில் வெடிகன் நடுவே வந்த அபூக்கிர் மீது ஒரு டார்பிடோ விட்டார். தூரம் சுமார் 500 மீட்டர். அபூக்கிர் சாயத் தொடங்கியது. அதன் கேப்டன் டிரம்மண்ட் கண்ணிவெடி என்று நினைத்தார். உதவிக்கு நெருங்கி வாருங்கள் என்று மற்ற இரண்டுக்கும் சைகை தந்தார்.

யூ-9இன் அன்றைய வெற்றி முழுவதும் இந்தச் சைகையில் அடங்கியிருக்கிறது. தத்தளிக்கிறவனைக் கண்டால் நிற்பது கடலோடிகளின் முதல் தர்மம். அந்த தர்மப்படி இரண்டு பெரிய கப்பல்கள், தங்களைக் குறிவைத்துக்கொண்டிருந்த படகின் முன்னால் வந்து நின்றன.

இருபத்தைந்து நிமிடத்தில் அபூக்கிர் கவிழ்ந்தது. ஹோக்கின் கேப்டன் நிக்கல்சனுக்கு இது நீர்மூழ்கியின் வேலை என்று சந்தேகம் வந்துவிட்டது. பெரிஸ்கோப் தெரிகிறதா பாருங்கள் என்று கிரெஸிக்குச் சொன்னார். ஆனால் விலகிப் போகவில்லை. அவருடைய ஆட்கள் மேசை, நாற்காலி, கட்டை என்று மிதக்கக்கூடிய எல்லாவற்றையும் தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு வீசிக்கொண்டிருந்தார்கள். இதற்குள் யூ-9இன் காலிக் குழாய் நீரடியிலேயே நிரப்பப்பட்டிருந்தது. ஜூலைப் பயிற்சி பலித்தது. 300 மீட்டர்கூட இல்லாத தூரத்திலிருந்து இரண்டு டார்பிடோக்கள் பாய்ந்தன. எடை குறைந்த படகின் அணியம் நீருக்கு மேலே எழும்பியது. ஹோக்கின் பீரங்கிகள் சுட்டன, படவில்லை. உள்ளே ஆட்கள் முன்னால் ஓடி எடை கொடுக்க, படகு மறுபடி மூழ்கியது. பத்தே நிமிடத்தில் ஹோக் கவிழ்ந்தது.

மிச்சம் மூன்று டார்பிடோ, பேட்டரியோ தீரும் தறுவாயில் இருந்தது. கிரெஸி அப்போதும் போகவில்லை. பெரிஸ்கோப் என்று தோன்றியதையெல்லாம் சுட்டுக்கொண்டே, நீரில் கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. 7.20க்குப் பின்னணியக் குழாய்களிலிருந்து இரண்டு; ஒன்று தவறியது, ஒன்று பட்டது. பத்து நிமிடம் கழித்து கடைசி டார்பிடோ. கிரெஸி தலைகீழாகப் புரண்டு, அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்து, எட்டு மணிக்குச் சற்று முன் மறைந்தது. பெரிஸ்கோப்பில் தெரிந்த காட்சியின் கொடுமையை மனத்திலிருந்து விலக்கக் கோபுரத்தில் நின்றவர்கள் பாடுபட்டதாக ஸ்பீஸ் பின்னர் எழுதினார்.

அந்தக் காலையை ஒரு பையனின் கண்வழியே பார்க்க முடியும். பெயர் கிட் வைக்கம்-மஸ்கிரேவ், வயது 15. அபூக்கிரின் பயிற்சி மாணவன். கப்பல் கவிழும்போது குதித்து, அது இழுத்த சுழலிலிருந்து தப்பி, ஹோக்கை நோக்கி நீந்தினான். ஏறப்போகும் நேரம் ஹோக் அடிபட்டது. திரும்பி கிரெஸிக்கு நீந்தினான். தூக்கிவிட்டார்கள், சூடாகக் கோகோ கொடுத்தார்கள். அந்தக் கப்பலும் அடிபட்டது. மூன்றாவது முறையாகத் தண்ணீரில் விழுந்தவன் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு நினைவிழந்தான். டச்சு மீனவர்கள் எடுத்துப் பிழைக்கவைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மீண்டும் கடற்படையில் சேர்ந்து, 1989வரை வாழ்ந்தார்.

உயிர் பிழைத்தவர்கள் 837 பேர். அவர்களைக் காப்பாற்றப் போர்க்கப்பல்கள் முதலில் வரவில்லை. ஃப்ளோரா, டைட்டன் என்ற டச்சுக் கப்பல்களும், லோஸ்டாஃப்ட் துறைமுகத்தின் மீன்பிடிப் படகுகளான கோரியாண்டரும் ஜே.ஜி.சி.யும் வந்தன. பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர்கள் வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால்.

நிற்காதே என்ற உத்தரவு

இது ஒரே படகின் வேலை என்பதை லண்டனில் பலர் நம்பவில்லை. ஐந்தாறு நீர்மூழ்கிகள் சேர்ந்து தாக்கியதாகவே முதலில் பேச்சு அடிபட்டது. விசாரணை மன்றம் டிரம்மண்டைக் கண்டித்தது, அதிகாரிகளைக் கண்டித்தது, அந்த ரோந்தை விடாப்பிடியாகத் தொடர வைத்த தலைமையகத்தையும் விடவில்லை. அதோடு ஓர் உத்தரவு வந்தது. ஆபத்துள்ள கடலில் ஒரு கப்பல் அடிபட்டால், மற்ற பெரிய கப்பல்கள் நிற்கக் கூடாது, அடிபட்டதை அதன் விதிக்கு விட்டுவிட்டு விலகிப் போக வேண்டும். கவசத் தகட்டையோ பீரங்கியையோ மாற்றுவது வேறு. இங்கே ஒரு சிறு படகு, தலைமுறை தலைமுறையாய் வந்த கடல் வழக்கத்தையே மாற்ற வைத்தது.

வெடிகன் மறுநாள் கரை சேர்ந்தபோது நாடே அறிந்த பெயராகியிருந்தார். அவருக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவை, ஆட்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டாம் வகுப்பு. கோபுரத்தில் சிலுவை தீட்டப்பட்டது. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 15இல், ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குக் கிழக்கே யூ-9 மறுபடி தாக்கியது. இம்முறை ஹாக் என்ற 1891ஆம் ஆண்டுக் கிழட்டுக் கப்பல். 1911இல், டைட்டானிக்கின் மூத்த சகோதரியான ஒலிம்பிக் கப்பலோடு மோதிய அதே ஹாக். தோழமைக் கப்பலிடமிருந்து தபால் மூட்டை வாங்க நின்றுவிட்டு, மறுபடி அணியில் சேர நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஒரே டார்பிடோ, சில நிமிடங்கள், 500க்கும் மேற்பட்ட உயிர்கள். ஏறத்தாழ 70 பேர் மட்டும் பிழைத்தார்கள். அந்தக் கப்பலின் உடல் 110 மீட்டர் ஆழத்தில் 2024இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

வெடிகனுக்கு ‘பூர் லெ மெரித்’ என்ற உச்ச விருது கிடைத்தது. பிரிட்டனுக்குக் கிடைத்தது கிலி. நீர்மூழ்கிக்கு அஞ்சி அதன் பெரும்படை ஸ்காப்பா ஃப்ளோ தளத்தை விட்டு மேற்கே, பிறகு அயர்லாந்தின் வடகரைக்கு ஒதுங்கியது. அங்கே அக்டோபர் 27இல் அதன் புதுப் போர்க்கப்பல்களில் ஒன்றான ஆடேஷியஸ் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. யூ-9 அந்தப் பக்கமே போகவில்லை, ஆனால் அந்த இழப்பின் வேரில் அதுவும் இருந்தது.

மீனவர் பக்கம் திரும்பிய படகு

1915 ஜனவரியில் வெடிகன் யூ-9ஐ விட்டு விலகினார்; பின்னர் புதிய டீசல் படகான யூ-29க்குத் தலைவரானார். யூ-9க்கு ஸ்பீஸ் தலைவரானார். பிப்ரவரியில் ஜெர்மனி பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலைப் போர்மண்டலம் என்று அறிவித்து வணிகக் கப்பல்களையும் வேட்டையாடத் தொடங்கியது. மண்ணெண்ணெய்ப் படகால் அட்லாண்டிக்வரை போய்வர முடியாது. அதற்கு வாய்த்தது பக்கத்துக் கடலிலிருந்த சின்ன இரை.

1915 மே மாத முதல் வாரத்தில் வடகடலில் வலைவீசிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இழுவைப் படகுகள் பலவற்றை யூ-9 மூழ்கடித்தது. எட்டு மாதத்துக்கு முன் இதே கடலில், இதே யூ-9 தள்ளிவிட்டவர்களைத் தூக்கி எடுத்தவை இந்த இனத்துப் படகுகள்தான். யூ-9 தன் வாழ்நாளில் மூழ்கடித்த வணிக, மீன்பிடிக் கலங்கள் 13. எல்லாம் சேர்த்து எடை சுமார் 8,600 டன். செப்டம்பர் 22ஆம் தேதி போன ஒற்றைக் குரூசருக்கும் ஈடாகாது.

1915 ஜூலையில் அது பால்டிக் கடலுக்கு அனுப்பப்பட்டது. ரஷ்யர்களுக்கு எதிராகச் சில மாதங்கள் சுற்றியது. அதற்குள் டீசல் படகுகள் நிறைய வந்துவிட்டன. மிச்சமிருந்த மண்ணெண்ணெய்ப் படகுகள் தாத்தாக்களாகிவிட்டன. 1916 ஏப்ரலில் யூ-9 போர்முனையிலிருந்து விலக்கப்பட்டுப் பயிற்சிப் படகானது. இரும்புச் சிலுவை தீட்டிய கோபுரத்துக்குக் கீழே புதுப் பையன்கள் மூழ்கப் படித்தார்கள். நீர்மூழ்கிப் பணியில் ஒரு படகு உயிரோடு ஓய்வு பெறுவது சாதாரணமல்ல.

வெடிகனுக்கு அது வாய்க்கவில்லை. 1915 மார்ச் 18இல், ஸ்காட்லாந்துக்கு வடக்கே பென்ட்லண்ட் நீரிணையில், பிரிட்டிஷ் பெரும்படையின் நடுவே யூ-29 மாட்டிக்கொண்டது. டார்பிடோ விட்ட பிறகு படகு ஆழத்தைப் பிடிக்க முடியாமல் மேலே எழும்ப, ட்ரெட்நாட் போர்க்கப்பல் அதன் மேல் ஏறியது. அணியம் நீருக்கு மேலே நிமிர்ந்தபோது ‘29’ என்ற எண் தெளிவாகத் தெரிந்ததாம். ஒருவரும் பிழைக்கவில்லை. உலகக் கடற்படைகளின் வடிவத்தையே மாற்றிய ட்ரெட்நாட், தன் வாழ்நாளில் மூழ்கடித்த ஒரே எதிரிக் கலம் இதுதான், அதுவும் பீரங்கியால் அல்ல, மோதி.

ஸ்பீஸ் போரின் கடைசிவரை இருந்தார். 1918 அக்டோபர் 31இல், வில்லெம்ஸ்ஹாஃபன் துறைமுகத்துக்கு வெளியே ஜெர்மன் மாலுமிகள் கலகம் செய்தபோது, கலகக் கப்பல்களைக் குறிவைத்து நிறுத்தப்பட்ட யூ-135 படகின் தலைவர் அவர்தான். சொந்த நாட்டுக் கப்பல்களை நோக்கித் திரும்பியிருந்த அந்த டார்பிடோக்கள் ஏவப்படவில்லை. கலகக்காரர்கள் பணிந்தார்கள். ஆனால் கலகம் கீல் நகருக்குப் பரவி, பத்தே நாளில் பேரரசரின் பதவியே போய்விட்டது.

மிஞ்சியவை

போர்நிறுத்த விதிப்படி ஜெர்மனி தன் நீர்மூழ்கிகளை ஒப்படைத்தது. 1918 நவம்பர் 26இல் யூ-9 பிரிட்டனிடம் போனது. பேரரசர் தந்த சிலுவைக்கு உடைப்புக்காரர்கள் தனி விலை போடவில்லை. 1919இல் இங்கிலாந்தின் மேற்குக் கரையில், மோர்காம் ஊரில், பழைய இரும்பாக உடைத்தார்கள். எதையும் சாதிக்காத மூத்த அண்ணன் யூ-1 மட்டும் பிழைத்துக்கொண்டது. மியூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில், பக்கவாட்டில் வெட்டித் திறந்து, குடல் தெரிய நிற்கிறது. யூ-9 உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே போய்த்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

பெயர் மட்டும் இன்னொரு சுற்று வந்தது. 1935இல் ஹிட்லரின் கடற்படை அமைத்த முதல் நீர்மூழ்கிப் பிரிவுக்கு வெடிகன் பெயரை வைத்தார்கள். அதன் தலைவர் கார்ல் டோனிட்ஸ். புதிதாகக் கட்டிய யூ-9 படகின் கோபுரத்திலும் பழையதன் நினைவாக இரும்புச் சிலுவை பொருத்தப்பட்டது. அந்தப் படகு 1944 ஆகஸ்டில் ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா துறைமுகத்தில் சோவியத் விமானக் குண்டில் மூழ்கியது.

அபூக்கிர், ஹோக், கிரெஸி மூன்றும் இன்றும் ஹாலந்துக் கரைக்கு அப்பால் அதே ஆழமில்லாத கடலில் கிடக்கின்றன. உள்ளே இருப்பவை பெரும்பாலும் மெட்வே நதிக்கரை ஊர்களைச் சேர்ந்த குடும்பஸ்தர்களின் எலும்புகள். 1954இல் பிரிட்டிஷ் அரசு அந்த மூன்றின் சிதைவுகளை உடைத்து எடுக்கும் உரிமையை விலைக்கு விற்றது. வாங்கியது ஒரு ஜெர்மன் நிறுவனம்.